விடுதலைக்குப் பின்னும் இருபத்து நான்கு ஆண்டுகள்: வ.உ.சி. நாளைக் கொண்டாடியதில் கற்றவை

வ.உ.சிதம்பரனாரின் பெயரைச் சொன்னால் எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பட்டங்களை உடனே சொல்லிவிடுவார்கள். கப்பலோட்டியவர் என்பார்கள், செக்கிழுத்தவர் என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆண்டுதோறும் மேடையில் அவர்கள் கேட்டது அவ்வளவுதான். 1872இல் பிறந்து 1936இல் மறைந்த ஒருவருடைய வாழ்க்கையில், சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவான 1906க்கும் சிறையிலிருந்து வெளிவந்த 1912க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை மட்டுமே நாம் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். விடுதலைக்குப் பிறகு அவர் வாழ்ந்த இருபத்து நான்கு ஆண்டுகள் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவரும் வரலாற்று ஆசிரியன் என்ற முறையில், அந்த மீதி வாழ்க்கையையும் சேர்த்துக் கொண்டாட நாங்கள் செய்தவற்றையும், அவற்றில் எது பயன்பட்டது எது பயன்படவில்லை என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே வேலையைத் தங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு ஏதேனும் கைகொடுக்கலாம்.

முதலில் நாள் குறிப்பதிலேயே சிக்கல் வந்தது. வ.உ.சி. பிறந்தது செப்டம்பர் 5. அன்றுதான் ஆசிரியர் நாள். பள்ளிகளில் அன்று காலை முதல் மாலை வரை ஆசிரியர்களுக்கு வாழ்த்து, பரிசு, கலைநிகழ்ச்சி என்று பொழுது போய்விடும். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.க்கு இறைவணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. நினைவு நாளான நவம்பர் 18 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், மாலையில் பிள்ளைகளை நூலகத்துக்கு வரச்சொல்லத் தயக்கமாக இருக்கும். சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவுபெற்ற அக்டோபர் 16 பொருத்தமான நாள்தான். ஆனால் 1799இல் அதே அக்டோபர் 16 அன்றுதான் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். எங்கள் பக்கத்து மக்களுக்கு அந்த நாள் ஏற்கெனவே அவருக்குரியது. இத்தனையும் யோசித்த பிறகு, வ.உ.சி. சிறையிலிருந்து விடுதலையான டிசம்பர் 24ஐத் தேர்ந்தெடுத்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் ஓய்வாக இருக்கும் நேரம், மழையும் ஓரளவு ஓய்ந்திருக்கும். வசதிக்காகத் தேர்ந்த இந்த நாளே பின்னர் கூட்டத்தின் போக்கையும் மாற்றியது. பிறந்த நாளில் கூடினால் புகழுரைதான் வரும். விடுதலை நாளில் கூடினால், "வெளியே வந்து என்ன செய்தார்?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். ஒருவரைக் கொண்டாட அவர் பிறந்த நாளையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவர் செய்த வேலையிலிருந்து ஒரு நாளை எடுத்துக்கொள்வது பல வகையில் நல்லது.

அடுத்து, மாறுவேடப் போட்டியைக் கைவிட்டோம். இதற்குப் பெற்றோரிடம் எதிர்ப்பு இருந்தது. தலைப்பாகை கட்டி, மீசை ஒட்டி, கையில் அட்டைக் கப்பலோடு நிற்கும் பிள்ளையைப் படம் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோலத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தான் யாராக நிற்கிறோம் என்பது தெரிவதில்லை. மனப்பாடம் செய்த நான்கு வரியைக் கூவிவிட்டு இறங்கிவிடும். பேச்சுப் போட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். எல்லாப் பேச்சும் ஒரே வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து வந்திருக்கும், நடுவர் கண்ணை மூடிக்கொண்டே அடுத்த வரியைச் சொல்லிவிடலாம். அதற்கு மாற்றாக, அந்த மனிதர் செய்த வேலை எப்படி நடந்தது என்று பிள்ளைகளைக் கணக்குப் போடவும் நடித்துப் பார்க்கவும் வைத்தோம்.

கரும்பலகையில் முதலில் எழுதியது ஒரு கணக்கு. சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். அப்படியானால் எத்தனை பங்கு? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 40,000 என்று சொன்னதும் அடுத்த கேள்வியைப் போட்டோம்: இந்த நாற்பதாயிரம் பங்கையும் யார் வாங்கினார்கள்? ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். வ.உ.சி. ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். முதலில் பம்பாயிலிருந்த ஒரு நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்துபோனது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்துவிட்டு, பிறகுதான் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்கினார்கள். பட்டத்தில் இருக்கும் "ஓட்டிய" என்ற சொல்லைக் கேட்டு, அவர் மாலுமியாகச் சக்கரத்தைப் பிடித்து நின்றார் என்றே பல பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள். அவர் ஒரு வழக்கறிஞர், மூலதனம் திரட்டினார், பங்குதாரர்களைச் சமாதானப்படுத்தினார், பெரிய நிறுவனத்தோடு விலைப்போட்டியில் இறங்கினார் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. எனக்கு இதுதான் கப்பல் படத்தைவிடப் பெரிய வீரமாகத் தோன்றுகிறது.

அந்த விலைப்போட்டியை நடித்துக் காட்டச் சொன்னோம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் பயணிக்கு பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாக்கியது. உடனே பிரிட்டிஷ் நிறுவனம் காசே வேண்டாம், ஏறினால் ஒரு குடையும் இலவசம் என்றது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரிட்டிஷ் முகவராக நாற்காலியின் மேல் ஏறி நின்று, நூலகருடைய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி, "கொழும்பு, கொழும்பு, காசு வேண்டாம், குடை வாங்கிக்கோங்க" என்று பேருந்து நிலைய நடத்துநரைப் போலக் கூவினான். பயணியாக நின்ற சிறுமி, ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். "இவுக கப்பல் நின்னு போச்சுன்னா அப்புறமும் குடை குடுப்பீகளா?" அவனுக்குப் பதில் தெரியவில்லை; குடையை மடக்கிவிட்டான். அலைபேசி நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கட்டணத்தை ஏற்றியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கூட்டம் முடிந்து வெகுநேரம் அந்தக் குடைப் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. நடிப்பதற்கு எழுதிக் கொடுக்கும்போது வசனத்தை முழுவதும் எழுதிக் கொடுக்காதீர்கள். நிலைமையையும் உண்மையான எண்களையும் மட்டும் கொடுங்கள். எழுதிய வசனம் இருந்திருந்தால் அந்தச் சிறுமியின் கேள்வி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கைது, வழக்கு, சிறை ஆகியவற்றை நாங்கள் விரைவாகவே கடக்கிறோம். அவை ஏற்கெனவே அதிகம் பேசப்பட்டவை. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றார்கள். மார்ச் 12 அன்று கைதானார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் காலம் கழிந்தது. இவற்றில் ஓரிடத்தில் மட்டும் நின்று பேசுகிறோம். அந்தத் தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் மனநலம் குன்றினார். பிறகு தேறவே இல்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கணவருக்காக அரசுக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். தியாகம் என்று ஒருவர் பெயரில் நாம் எழுதிவைக்கும் கணக்கில் வீட்டில் இருந்தவர்களின் பங்கும் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பெண்கள் கூட்டத்தில் அமர்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள், வாய் திறந்து பேச மாட்டார்கள். சொன்னதும் பேசத் தொடங்கினார்கள்.

இனி அந்த இருபத்து நான்கு ஆண்டுகள். 1912இல் அவர் வெளியே வந்தபோது சிறைவாசலில் பெருங்கூட்டம் ஒன்றும் இல்லை. நிறுவனம் ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்தது. கப்பல் போட்டியாளரின் கைக்கே போயிருந்தது. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்ததால் தொழிலும் இல்லை. சென்னையில் குடியேறி, சிறு வியாபாரங்களாலும் நண்பர்களின் உதவியாலும் குடும்பத்தை நடத்தினார். தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் அவருக்கு உதவுவதற்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது, அது வ.உ.சி.யின் கைக்கு வந்து சேராமல் இருந்தது. 1915, 1916ஆம் ஆண்டுகளில் இதுபற்றி இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இன்று அச்சில் கிடைக்கிறது. கடைசியில் அவருக்குக் கிடைத்த தொகை 347 ரூபாய்ச் சொச்சம்.

எங்கள் கூட்டங்களில் ஆழமாகப் பதிந்தது இந்தக் கடிதங்களைச் சத்தமாகப் படித்த வேளைதான். ஒருவர் காந்தியின் கடிதத்தையும் மற்றொருவர் வ.உ.சி.யின் கடிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். விளக்கவுரை எதுவும் கொடுக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர், படித்து முடித்ததும், "கப்பல் வாங்குனவருக்கே இந்த நெலமையா சார்? அதையும் கெஞ்சாமக் கேட்டிருக்காரு பாருங்க" என்றார். அந்தக் கடிதங்களில் இருக்கும் மரியாதையும் நிமிர்வும் எங்களில் யாரும் சுட்டிக்காட்டாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு, வ.உ.சி. தம் கடைசிக் காலத்தில் எழுதிய உயிலில் கடைகளுக்குத் தரவேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் குறித்துவைத்திருந்ததைச் சொன்னபோது, பலசரக்குக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் சிரித்துக்கொண்டே, "எங்க பற்று நோட்டுல இருக்கவங்க யாரும் உயில்ல எழுத மாட்டாங்க" என்றார். கூட்டமே சிரித்தது. தலைவர் ஒருவருக்கான கூட்டத்தில் சிரிக்கலாமா என்று மூத்தவர் ஒருவர் பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். அந்தச் சிரிப்பில் அவமதிப்பு எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரு நெருக்கடியில் அவரையும் பார்த்துவிட்ட நெருக்கம்தான் அது.

ஆகவே என் முதன்மையான பரிந்துரை இது: அழைக்கும் பேச்சாளரைவிட, படிக்கப்போகும் ஆவணத்துக்கு அதிக நேரம் செலவிடுங்கள். கடிதம், நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவு, தன்வரலாறு, உயில் எதுவானாலும் சரி. வ.உ.சி. தம் வாழ்க்கையைச் செய்யுளாகவே எழுதியிருக்கிறார்; அதில் சிறை அனுபவங்கள் வரும் பகுதியை, அகவல் ஓசை தெரிந்த தமிழாசிரியர் ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்தால் போதும். ஒரு முறைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் படிக்கக் கூடாது. படிப்பவர் முன்பே ஒரு முறையாவது வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்து எழுத்து நடை பழகாத நாக்கைத் தடுக்கும்.

வ.உ.சி.க்கு மீண்டும் வழக்கறிஞர் உரிமம் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வெள்ளையர் ஒருவரின் பெயரைத் தம் பிள்ளைக்கு வைத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் சிலர் குழம்புவார்கள். குழம்பட்டும் என்று விட்டுவிடுகிறோம். அந்தக் குழப்பத்திலிருந்துதான் அவர் எதை எதிர்த்தார், யாரை வெறுக்கவில்லை என்ற பேச்சு பிறக்கிறது. உரிமம் கிடைத்த பின் அவர் கோவில்பட்டியிலும் வழக்கறிஞராக இருந்தார் என்பதைச் சொல்லும்போது, எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தாங்கள் நடக்கும் தெருக்களில் நடந்தவர் என்றால் அது தனி உறவுதான்.

காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் உடன்பாடு இல்லாமல் 1920இல் அவர் காங்கிரசிலிருந்து விலகினார். மீண்டும் வந்து 1927இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இந்தக் கருத்து வேறுபாட்டை மறைத்துவிட்டு எல்லாத் தலைவர்களும் கைகோத்து நின்றதுபோலக் காட்டுவது பல விழாக்களின் வழக்கம். மறைப்பதால் தலைவருக்கு எந்தப் பெருமையும் கூடுவதில்லை. மாணவர்கள் பின்னாளில் வேறு எங்காவது படித்துத் தெரிந்துகொண்டு, நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயப்படத் தொடங்குவார்கள். திருக்குறளுக்கு உரை எழுதியவர், தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையை அச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர், வையாபுரிப் பிள்ளை போன்ற அறிஞர்களோடு பாடபேதம் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் என்ற முகமும் இந்தக் காலத்துக்குரியதே. இதைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுவது நல்லது. அவர்கள் நிறுத்தவே மாட்டார்கள் என்பதுதான் ஒரே தொல்லை.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தென்மாவட்டங்களில் தலைவர்களின் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு தலைவரையும் அவர் பிறந்த சாதியினர் தங்கள் சுவரொட்டிக்குள் இழுத்துக்கொள்வது இங்கே நடப்புதான். எங்கள் கூட்ட அழைப்பிதழிலும் தங்கள் சங்கத்தின் பெயரைப் போட்டால் செலவு முழுவதையும் ஏற்கிறோம் என்று ஒரு தரப்பினர் வந்தார்கள். அழைப்பிதழில் எந்தச் சங்கத்தின் பெயரும் வராது, எல்லாரும் வந்து முன்வரிசையில் அமரலாம் என்று நூலகர் பணிவாகச் சொல்லிவிட்டார். இதற்காக மேடையில் சாதி ஒழிப்புச் சொற்பொழிவு எதையும் நாங்கள் வைக்கவில்லை. நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றவர் யார், அதிகப் பங்கு எடுத்தவர் யார், மில் தொழிலாளர்களோடு நின்றபோது உடன் நின்ற சிவா யார், உரிமம் மீட்டுத் தந்தவர் யார் என்று பெயர்களை வரிசையாகப் படித்தோம். அந்தப் பட்டியலைக் கேட்ட எவராலும் அவரை ஒரு தெருவுக்குள் அடைத்துவைக்க முடியாது. வந்தவர்கள் கேட்டார்கள், மறு ஆண்டும் வந்தார்கள், பெயர் போடச் சொல்லவில்லை. பணத்தைப் பொறுத்தவரை, கூட்டத்தின் செலவு தேநீரும் கடலைமிட்டாயும் நகல் எடுக்கும் கூலியும்தான் என்றால் யாருடைய தயவும் தேவைப்படாது. மேடை, பந்தல், ஒலிபெருக்கி என்று போகத் தொடங்கினால்தான் புரவலர் தேவைப்படுவார். புரவலர் வந்தால் அவர் படம் வ.உ.சி.யின் படத்தைவிடப் பெரிதாகிவிடும்.

இடங்களுக்கு அழைத்துச் செல்வதும் பயன் தருகிறது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த இல்லம் நினைவில்லமாக இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சென்னைக்குப் போகிறவர்கள் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவர் இழுத்த செக்கைப் பார்க்கலாம். எங்கே போனாலும் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். அதில் விடை கேட்கும் கேள்விகள் வேண்டாம். "இங்கே பார்த்ததில் புரியாத ஒன்றை எழுதுக" என்று மட்டும் கேளுங்கள். பதில் எழுதச் சொன்னால் ஒருவனைப் பார்த்து மற்றவன் எழுதுவான். புரியாததை யாரும் பார்த்து எழுதுவதில்லை.

வ.உ.சி.யிடம் கற்ற முறையை மற்றவர்களுக்கும் பொருத்திப் பார்த்தோம். உ.வே.சாமிநாதையர் பிறந்த பிப்ரவரி 19 அன்று, புள்ளி இல்லாத எழுத்தைப் படிக்கவைத்தோம். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, செய்யுள் அடி பிரித்திருக்காது. கரும்பலகையில் "கறக கசடறக கறபவை கறறபின நிறக அதறகுத தக" என்று எழுதியதும் எல்லாரும் தடையின்றிப் படித்துவிட்டார்கள், ஏனென்றால் குறள் மனப்பாடம். அடுத்து, யாருக்கும் பழக்கமில்லாத சீவக சிந்தாமணிச் செய்யுள் ஒன்றை அதே முறையில் எழுதினோம். முதல் சொல் எங்கே முடிகிறது என்பதிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சண்டையிட்டார்கள். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சாமிநாதையரைப் படிக்கத் தூண்டிய அந்த நூல், அவருடைய பதிப்பாக 1887இல்தான் அச்சாகி வெளிவந்தது. இடையில் அத்தனை ஆண்டுகள் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கரும்பலகையிலேயே விடை இருந்தது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார் என்ற ஒரு வரியை எத்தனை முறை சொன்னாலும் இந்த விளைவு வராது.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30 தமிழகத்தில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவர் சேர்ந்த கதையையும், தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தையும், 1952இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதையும் இணைத்துப் பேசினோம். வந்திருந்த செவிலியர்களே பெரும்பாலும் பேசினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாரதியைப் பற்றி நாள் குறித்து ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். எட்டயபுரம் எங்களுக்கு அண்டை ஊர் என்பதால் அவர் நினைவு நாளை விடமுடியாது. அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. ஆனால் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, அதாவது 1921 செப்டம்பர் 12 விடியுமுன். பதாகை அடிப்பதற்கு முன் இப்படிப்பட்ட விவரங்களை ஒருவர் பொறுப்பெடுத்துச் சரிபார்க்க வேண்டும். பதாகைக் கடையில் இணையத்திலிருந்து எடுக்கும் படங்களையும் அப்படியே ஏற்கக் கூடாது. அதைவிட முக்கியம் மேற்கோள்கள். பாரதியின் பெயரிலும் விவேகானந்தரின் பெயரிலும் கைப்பேசிகளில் சுற்றும் வரிகளில் பலவற்றுக்கு அவர்களோடு தொடர்பே இல்லை. நூலின் பெயரும் பக்க எண்ணும் சொல்ல முடியாத மேற்கோள் எங்கள் சுவரில் ஏறாது என்று விதி வைத்திருக்கிறோம். இந்த விதி வந்த பிறகு சுவர் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இருக்கும் வரிகளை மட்டும் மக்கள் நின்று படிக்கிறார்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் நூலகர் ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதிவைக்கிறார்: எந்த ஆவணத்தைப் படித்தோம், அது நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, விடை சொல்ல முடியாமல் போன கேள்விகள் யாவை. அடுத்த ஆண்டுக் கூட்டம் அந்த மூன்றாவது பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. போன டிசம்பரில் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் மாணவன் ஒருவன், நிறுவனம் கலைக்கப்பட்டபோது பங்கு போட்டவர்களுக்குப் பணம் எந்த முறையில் திரும்பும், கப்பலைப் போட்டியாளரே வாங்குவதைச் சட்டம் எப்படி அனுமதிக்கும் என்று கேட்டான். எங்களில் யாருக்கும் அந்தத் துறை தெரியாது. அவனுடைய வணிகவியல் ஆசிரியரிடமே கேட்டோம். கரும்பலகையும் அரைமணி நேரமும் கொடுத்தால் அன்றைய நிறுவனச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து விளக்குகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் டிசம்பர் 24 அழைப்பிதழில் முதல் நிகழ்ச்சியாக அதைத்தான் போட்டிருக்கிறோம்.